எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம்? கடலூர், புதுவைக் குடும்பங்கள் எட்டாம் மாதத்துக்குள் பார்க்க வேண்டியவை

2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. சிக்கலான கேஸ்களைக் கடைசியில் வாங்கிக்கொள்வது பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிதான். அப்படியிருந்தும் அங்கே எண்ணிக்கை குறைவு என்றால், காரணத்தைப் பெண்களின் உடம்பில் மட்டும் தேடிப் பயனில்லை. ராத்திரி லேபர் வார்டில் யார் இருக்கிறார்கள், மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருக்கிறாரா கூப்பிட்டு வருகிறவரா, வலி வந்தவளை நடக்க விடுகிறார்களா கட்டிலோடு படுக்க வைக்கிறார்களா என்பதெல்லாம் சேர்ந்துதான் கத்தி வைப்பதா வேண்டாமா என்று முடிவாகிறது.

அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தலைப்பிரசவம். லேசான வலி. வீட்டில் பயந்துபோய் உடனே கூட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கர்ப்பப்பை வாய் 2 சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது. அட்மிஷன் போட்டாகிவிட்டது, படுக்க வைத்து வயிற்றில் சிடிஜி பெல்ட் (குழந்தையின் துடிப்பையும் வலியையும் தாளில் பதியும் கருவி) கட்டியாகிவிட்டது. படுத்தே கிடப்பதால் தலை இறங்குவது தாமதமாகிறது. நாலு மணி நேரம் கழித்து உள்ளே பரிசோதித்தால் 3 சென்டிமீட்டர். "வலி பத்தல" என்று வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை ட்ரிப்பில் ஏற்றுகிறார்கள். ட்ரிப் வலி தானாக வரும் வலியைவிடக் கடுமை, இடைவெளியும் குறைவு. வலிக்கும் வலிக்கும் நடுவில்தான் குழந்தைக்கு நல்ல ரத்தம் போகும். அந்த இடைவெளி சுருங்கினால் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கும். சிடிஜி தாளில் கோடு இறங்கியதும் "பேபிக்கு டிஸ்ட்ரெஸ்" என்று தியேட்டருக்குத் தள்ளுகிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. அந்தந்த நிமிடத்தில் ஒவ்வொரு முடிவும் சரியாகத்தான் தெரியும். வலி முற்றுமுன் உள்ளே போனதில் ஆரம்பித்தது அது.

உலக சுகாதார நிறுவனம் 2018ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் முழு வேகப் பிரசவ வலி தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. "மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கணும்" என்ற பழைய கணக்கைத் தனியாக ஒரு காரணமாக வைத்து எதையும் செய்ய வேண்டாம் என்கிறது. 5 சென்டிமீட்டரிலிருந்து முழுதாகத் திறக்கத் தலைப்பிரசவத்தில் 12 மணி நேரம் வரையும், அடுத்த பிரசவங்களில் 10 மணி நேரம் வரையும் ஆகலாம். அதன் பிறகு முக்கிப் பெற தலைப்பிரசவத்துக்கு 3 மணி நேரம், மற்றவர்களுக்கு 2 மணி நேரம் வரை. நீங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரி இந்தக் கணக்கில் நடக்கிறதா, பழைய கணக்கிலா என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், நீங்கள் எந்த வகை

32வது வாரத்துக்குள் இதை முடித்துவிடுங்கள். தாய்சேய் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பாருங்கள்: பிபி, இன்சுலின் தேவைப்படும் சர்க்கரை, இரட்டைக் குழந்தை, 36 வாரத்துக்கு மேலும் தலை மேலே இருப்பது (இதை மட்டும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள்), நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, முந்தைய சிசேரியன், முந்தைய பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, இதய நோய், ஹீமோகுளோபின் 7க்குக் கீழே. இதில் ஒன்று இருந்தாலும் 24 மணி நேரமும் தியேட்டர், ரத்த வங்கி, பச்சிளங்குழந்தைப் பிரிவு மூன்றும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடமே உங்களுக்கு. கடலூர் மாவட்டத்தில் மஞ்சக்குப்பம் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. இந்த வகைக் கர்ப்பிணிகளுக்கு மருத்துவத் தலையீடு அதிகமாகத்தான் இருக்கும். அது தேவையானது, அதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம்.

இதில் எதுவுமே இல்லாமல், ஒற்றைக் குழந்தை, தலை கீழே, 37 வாரம் தாண்டியாகிவிட்டது என்றால் நீங்கள் குறைந்த ஆபத்துள்ளவர். இடத் தேர்வு அதிகம் மாற்றுவது உங்கள் பிரசவத்தைத்தான்.

இங்கிலாந்தில் குறைந்த ஆபத்துள்ள 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2011ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. டாக்டர்கள் பொறுப்பிலுள்ள பிரிவில் பிரசவம் பார்க்கத் திட்டமிட்டவர்களில் 11 சதவீதத்தினருக்கு சிசேரியன் ஆனது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் மட்டும் நடத்தும் தனி மையங்களைத் தேர்ந்தவர்களில் 3.5 சதவீதம்தான், குழந்தைகளின் நிலையும் மோசமாகவில்லை. அந்த மையங்களிலிருந்து தலைப்பிரசவக்காரர்களில் 36 சதவீதத்தினரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் ஏற்பாடு அங்கே தயாராக இருந்தது. வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைப்பிரசவக்காரர்களின் குழந்தைகளுக்குப் பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3, டாக்டர்கள் பொறுப்பிலுள்ள பிரிவைத் தேர்ந்தவர்களுக்கு 5.3. அவ்வளவு ஏற்பாடு உள்ள நாட்டிலேயே இந்த நிலை என்றால், இங்கே யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்ப்பதை நாங்கள் எந்தச் சூழலிலும் ஏற்க மாட்டோம். ரத்தப்போக்கு ஏற்பட்டால் ஆம்புலன்ஸ் வரும் நேரம்கூடத் தாங்காது.

ஒவ்வொரு இடத்திலும் எது நடக்கும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பது பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ். பெரும்பாலானவற்றில் ஆபரேஷன் வசதி கிடையாது. வலி வரவழைக்க ட்ரிப் போடவும் கூடாது. அதனாலேயே தலையீடு குறைவு. இரண்டாவது, மூன்றாவது சுகப்பிரசவத்துக்கு இது நல்ல இடம். போகுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ரத்தப்போக்கோ, குழந்தைக்கு மூச்சுத்திணறலோ வந்தா எங்கே அனுப்புவீங்க, எவ்வளவு நேரம் ஆகும்?"

அரசுப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா வசதியும் 24 மணி நேரமும் இருக்கும். டாக்டர் மாறினாலும் வார்டு ஓடும். ஆகவே நடுராத்திரி ஒரு மணிக்கு "இன்னும் ரெண்டு மணி நேரம் பார்க்கலாம்" என்று காத்திருக்க அவர்களால் முடியும். இதன் மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. குறை என்னவென்றால் கூட்டம். கட்டில் இடைவெளி குறைவு, பேசிப் புரியவைக்க நேரம் குறைவு. பயிற்சி டாக்டர்கள் இருக்கும் இடங்களில் உள் பரிசோதனையை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் செய்யலாம். சாதாரணமாக 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை போதும். "இப்பதான் பார்த்தாங்க மேடம், ரிசல்ட் கேஸ் ஷீட்ல இருக்கு" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சின்ன நர்சிங் ஹோம்தான் நிதானமாக யோசிக்க வேண்டிய இடம். டாக்டரம்மா தெரிந்தவர், பேச நேரம் தருவார், தனி ரூம் கிடைக்கும். ஆனால் மயக்க மருந்து டாக்டரும் குழந்தை டாக்டரும் வேறெங்கோ இருந்து கூப்பிட்டால் வருகிறவர்கள். ராத்திரி 2 மணிக்கு அவசரம் வந்தால் ஆள் கிடைப்பார்களா என்ற கவலை அந்த டாக்டருக்குச் சாயந்திரம் 7 மணிக்கே வந்துவிடும். அவர் நிலையில் யார் இருந்தாலும் இருட்டுவதற்குள் முடித்துவிடத்தான் நினைப்பார்கள். தலைப்பிரசவத்துக்குத் தனியாரைத் தேர்ந்தெடுத்தால் மயக்க மருந்து டாக்டர் ராத்திரியிலும் வளாகத்திலேயே இருக்கும் இடமாகப் பாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை: அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், ரத்தம், மருந்து, சாப்பாடு, வீட்டுக்குக் கொண்டுவிடும் வண்டி எல்லாமே இலவசம், 2011லிருந்து மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் இதை உறுதி செய்கிறது.

தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டியவை

34வது வாரத்துக்குள் நேரில் போய்க் கேளுங்கள். முடிந்தால் டாக்டரிடம் ஒரு தடவை, லேபர் வார்டு நர்ஸிடம் தனியாக ஒரு தடவை. இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னால் அது அங்கே உண்மையாகவே நடக்கும் பழக்கம்.

"போன மாசம் தலைப்பிரசவத்துக்கு வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு சிசேரியன் ஆச்சு?" என்று கேளுங்கள். மொத்த சதவீதத்தைக் கேட்காதீர்கள். அதில் பழைய சிசேரியன்காரர்களும் சேர்ந்துவிடுவதால் ஒன்றும் தெரியாது. "கணக்கு வெச்சிக்கல" என்பதும் ஒரு பதில்தான்.

கூட யாரை விடுவார்கள்? அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை அனுமதிக்க விதி இருக்கிறது. வலி முழுக்க ஒருவர் பக்கத்திலேயே இருந்தால் பிரசவ நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது. பல நாடுகளில் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெளிவாகத் தெரிந்தது இது. அம்மாவோ அக்காவோ, பெற்ற அனுபவமுள்ள, பதற்றப்படாத ஒருவர் போதும். "ஐயோ என் பொண்ணு" என்று அழுகிறவர் வேண்டாம்.

வலி நேரத்தில் நடக்கலாமா, கஞ்சி, மோர், இளநீர் குடிக்கலாமா? ஆபத்தில்லாதவர்களுக்கு இரண்டையும் அனுமதிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வெறும் வயிற்றோடு 14 மணி நேரம் கிடந்தால் முக்கும்போது தெம்பு இருக்காது, அப்புறம் குழந்தையின் தலையை உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வாக்குவம்தான்.

குழந்தையின் துடிப்பை எப்படிப் பார்ப்பார்கள்? நல்ல பதில்: கையடக்க டாப்ளரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு தடவை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒரு தடவை. ஆபத்தில்லாத கர்ப்பிணிக்கு சிடிஜியை விடாமல் கட்டி வைப்பதால் சிசேரியன் கூடுகிறது. குழந்தை இறப்பு குறைவதில்லை. ஆனால் ட்ரிப் ஏற்றினால் சிடிஜி தொடர்ந்து வேண்டும், அதை மறுக்காதீர்கள்.

பிறப்புவாயை வெட்டித் தையல் போடுவது எல்லாருக்குமா? "தலைப்பிரசவம்னா கட்டாயம் வெட்டித்தான் ஆகணும்" என்றால் அது பழைய பழக்கம். குழந்தை அவசரமாக வெளியே வர வேண்டியிருக்கும்போதோ ஆயுதம் போடும்போதோ மட்டும் வெட்டுவது சரி. எனிமா, முடி மழிப்பது, மேல் வயிற்றை அமுக்கித் தள்ளுவது ஆகிய மூன்றும் தேவையில்லை. வயிற்றை அமுக்குவது ஆபத்தும்கூட.

முதுகில் ஊசி வைத்து வலியை மரக்கச் செய்யும் எபிடியூரல் போட்டால் சிசேரியன் ஆகிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. முக்கும் நேரம் நீளலாம், பிபி இறங்கலாம். வலி தாங்காதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 24 மணி நேர மயக்க மருந்து டாக்டர் உள்ள இடத்தில்.

"நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றால்

வலி வராமலேயே அட்மிஷன் சொல்லும்போது அடிக்கடி கேட்கும் காரணங்கள் சில. "டேட் முடிஞ்சிடுச்சு": 40 வாரம் முடிந்த அன்றே எதுவும் கெட்டுவிடாது, மற்றபடி எல்லாம் சரியாக இருந்தால் 41 வாரம் ஆகும்போது மருந்து வைத்து வலி வரவழைப்பது வழக்கம். "கொடி சுத்தியிருக்கு": சுமார் நாலில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கும், அது மட்டும் சிசேரியனுக்குக் காரணமாகாது. "குழந்தை பெருசு": ஸ்கேன் எடை 10 முதல் 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். "தண்ணி கம்மி": இதை அலட்சியம் செய்யாதீர்கள். எத்தனை என்று கேளுங்கள். ஏஎஃப்ஐ (ஸ்கேனில் பனிக்குட நீரின் மொத்தக் கணக்கு) 5க்குக் கீழே, அல்லது ஆழமான ஒற்றைப் பகுதி 2 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் டாக்டர் சொல்வது நியாயம். 7, 8 என்றால் இரண்டு நாளில் திரும்பப் பார்க்கலாமா என்று கேட்கலாம். "பிபி ஏறியிருக்கு": உடனே சேருங்கள், பேச்சே வேண்டாம்.

மருந்து வைத்து வலி வரவழைப்பதாலேயே சிசேரியன் ஆகிவிடும் என்பதில்லை. அவசரப்படுவதுதான் கெடுக்கிறது. கர்ப்பப்பை வாய் பழுக்காமல் இருந்தால் முதலில் ஜெல்லோ பல்பு கதீட்டரோ (நுனியில் பலூன் உள்ள குழாய்) வைத்துப் பழுக்க விட வேண்டும். அதற்கே ஒரு நாள் போகும். பனிக்குடம் உடைத்து, ட்ரிப் ஏற்றி, குறைந்தது 12 மணி நேரமாவது பார்த்த பிறகுதான் "வலி பிடிக்கல" என்ற முடிவுக்கு வரலாம். காலையில் ஜெல், சாயந்திரம் ஆபரேஷன் என்பது முயற்சியே அல்ல. ட்ரிப் ஓடும்போது துணைக்கு இருப்பவர் வயிற்றில் கை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணலாம்: வயிறு கல்லாக இறுகுவது 10 நிமிடத்தில் 3, 4 தடவை என்றால் சரி. 5ஐத் தாண்டினால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும். ட்ரிப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ செய்து, இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். பல நேரங்களில் துடிப்பு தானாகச் சரியாகும். குழந்தை பிறக்குமுன் வலிக்காக ஆக்ஸிடோசினை இடுப்பிலோ தொடையிலோ ஊசியாகப் போட எங்கேயும் சம்மதிக்காதீர்கள். அளவைக் கட்டுப்படுத்த முடியாது, கர்ப்பப்பை கிழியலாம். பிறந்தவுடன் போடும் 10 யூனிட் வேறு விஷயம். அது ரத்தப்போக்கைத் தடுக்கிறது, கட்டாயம் வேண்டும்.

நல்ல நேரம், நட்சத்திரம் குறித்துக்கொண்டு 37, 38 வாரத்தில் கத்தி வைக்கச் சொல்லும் குடும்பங்களுக்கு: 39 வாரத்துக்கு முன் வலியே வராமல் எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத்திணறல் கூடுதல். பிறந்தவுடன் தாய் மடியில் இருக்க வேண்டிய குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். ஜோசியரிடம் தேதி கேட்காதீர்கள்.

எப்போது கிளம்ப வேண்டும்

தலைப்பிரசவம், எந்த ஆபத்தும் இல்லை, ஆஸ்பத்திரி அரை மணி தூரத்துக்குள் என்றால்: வலி 5 நிமிடத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொன்றும் 45 விநாடிக்கு மேல், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்த பிறகு கிளம்பினால் போதும். அதுவரை வீட்டில் நடங்கள், வெந்நீரில் குளியுங்கள், இட்லி சாப்பிடுங்கள். இரண்டாவது பிரசவம் என்றால் 10 நிமிட இடைவெளியிலேயே கிளம்புங்கள்.

காத்திருக்கக் கூடாதவை: பனிக்குடம் உடைவது (வெள்ளைத் துணி வைத்து நிறம் பாருங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பச்சையோ பழுப்போ என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்), ரத்தம், குழந்தை அசைவு குறைதல், கடும் தலைவலி, கண் மங்குதல், காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலி.

ஐப்பசி முதல் மார்கழி வரை தேதி விழுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல், அதற்குப் பின்னால் தென்பெண்ணையில் வெள்ளம் என்று பார்த்த ஊர்கள் நம்முடையவை. புயல் எச்சரிக்கை வந்தால் 37 வாரம் தாண்டியவர்களை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். சேர்ந்த பிறகு டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "மழைக்காகத்தான் வந்திருக்கோம், வலி தானா வரட்டும்."

பாகூர்ப் பக்கத்துக்காரர்களுக்குப் புதுச்சேரியைவிடக் கடலூர் கிட்டம்; கடலூர்க்காரர்கள் பலர் ஜிப்மருக்குப் போகிறார்கள். எல்லை தாண்டுகிறவர்கள் இரண்டைக் கவனியுங்கள். 108 வண்டி உங்களை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் என்று முன்பே விசாரித்து, சொந்தமாகவும் ஒரு வண்டி சொல்லி வையுங்கள். குழந்தை எங்கே பிறக்கிறதோ அங்கேதான் பிறப்புப் பதிவு, 21 நாளுக்குள். தமிழ்நாட்டுக்காரர்கள் கர்ப்பத்தைப் பதியும்போது தந்த பிக்மி எண்ணைக் கையில் வைத்திருங்கள். தமிழ்நாடு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி புதுவையில் பெற்றால் கிடைக்குமா என்பதைச் செவிலியரிடம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள்.

வளைகாப்பு முடிந்து தாய் வீடு வருகிறவர்கள் 8வது மாதத்துக்குள் புது ஆஸ்பத்திரியில் பதிந்துவிட வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள். தேதியை நம்பகமாகச் சொல்வது அதுதான். அது இல்லாமல் கடைசி ஸ்கேனை வைத்துத் தேதி போட்டால் "டேட் தாண்டிடுச்சு" என்று வீணாக மருந்து வைக்க நேரும்.

சிசேரியன் என்று சொல்லும்போது

குழந்தைக்கு முன் தொப்புள்கொடி வெளியே வந்துவிட்டது, நச்சுக்கொடி பிரிந்து ரத்தம் கொட்டுகிறது, துடிப்பு இறங்கி ஏறவே இல்லை என்றால் கையெழுத்துப் போடுங்கள், கேள்வி வேண்டாம். மற்ற நேரங்களில் மூன்றே கேள்வி: "என்ன பார்த்தீங்க? உடனேயா, நேரம் இருக்கா? ஒரு மணி நேரம் பொறுத்தா என்ன ஆகும்?" மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் விளக்குவார்கள். முன்பு ஒரு சிசேரியன் ஆகி, அடுத்ததைச் சுகப்பிரசவமாக முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்கு அது கைகூடும்; பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200ல் ஒருவருக்கு. அதனால்தான் தியேட்டரும் ரத்தமும் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் மட்டும் முயல வேண்டும்.

அதற்கு முதல் ஆபரேஷனின் விவரம் தேவை. டிஸ்சார்ஜ் ஆகும்போது சம்மரியை வாங்கிப் படித்துப் பாருங்கள். எதற்காக சிசேரியன், எத்தனை சென்டிமீட்டரில் எடுத்தார்கள், கர்ப்பப்பையில் குறுக்கு வெட்டா நெடுக்கு வெட்டா, வெட்டு எங்கேயாவது நீண்டுவிட்டதா என்று எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லி, வாங்கிய பிறகு கிளம்புங்கள். ஒரு நகல் தாய் வீட்டில், ஒரு நகல் புகுந்த வீட்டில், ஒரு போட்டோ செல்போனில்.